பழைய தகரக் கூரை வீட்டில் குளிரும் சொட்டும்: சீலிங்குக்கு மேல் எதைப் போடுவது?

அக்கரப்பத்தனை வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இலங்கை மலைநாட்டில் அக்கரப்பத்தனைக் கடைவீதியை ஒட்டி, வெள்ளைக்காரர் காலத்தில் கட்டப்பட்ட ஒரு பழைய வீட்டில் நாங்கள் குடியிருக்கிறோம். சுவர்கள் கருங்கல், கூரையின் பெரும்பகுதி நெளிதகரம். முன்னறைக்கு மட்டும் பலகைச் சீலிங் உண்டு, அதிலும் சில பலகைகள் உளுத்துப்போய்விட்டன. படுக்கையறைகள் இரண்டிலும் நிமிர்ந்து பார்த்தால் தகரமே தெரியும். சமையலறையில் விறகடுப்பும் அதற்கு மேலே விறகு காயவைக்கும் பரணும் இருக்கின்றன. அந்தப் பகுதிக்குப் பிற்காலத்தில் அஸ்பெஸ்டஸ் தகடு போட்டிருக்கிறார்கள்.

தை, மாசி மாதங்களில் வானம் தெளிந்திருக்கும் இரவுகளில்தான் தொல்லை அதிகம். மழையே பெய்யாத இரவில், விடியற்காலை நேரத்தில், தகரத்தின் அடிப்பக்கம் முழுவதும் நீர் கோத்துப் படுக்கையின் மேல் சொட்டுகிறது. சுவரின் மேல்மூலைகளில் கரும்பூஞ்சை படிகிறது. அம்மாவுக்கு ஆஸ்துமா இருப்பதால், அந்த மாதங்களில் அவருக்கு மூச்சிழுப்பு கூடிவிடுகிறது. இந்த வருடம் எப்படியாவது இதற்கு ஒரு வழி செய்துவிட வேண்டும் என்று இருக்கிறேன்.

அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் நகரில் வசிக்கும் என் மைத்துனர், தாம் வாங்கிய பழைய வீட்டின் சீலிங்குக்கு மேல் கண்ணாடிநாரை ஓரடிக்கும் கூடுதலான உயரத்துக்கு நிரப்பி, கூரையின் அடிப்பக்கத்தில் அலுமினியத் தாளும் அடித்திருக்கிறார். அதன்பிறகு மின்கட்டணம் நன்றாகக் குறைந்திருப்பதாகவும், நாங்களும் அதையே செய்தால் செலவில் ஒரு பங்கைத் தாம் தருவதாகவும் சொல்கிறார். பாலைவன வெயிலுக்காகச் செய்த வேலை எங்கள் குளிருக்கும் ஈரத்துக்கும் பொருந்துமா என்பதுதான் என் முதற்கேள்வி. இங்குள்ள ஹாட்வெயார் கடைகளில் குமிழ் வைத்த அலுமினிய ஃபாயில், ரெஜிபோம் எனப்படும் வெண்ணுரைப் பலகை, கிளாஸ் வூல் எனப்படும் கண்ணாடிநார்ப் பஞ்சு மூன்றும் கிடைக்கின்றன. எதை, எந்த இடத்தில், எவ்வளவு தடிப்பில் போடுவது? சுவரின் மேல்விளிம்புக்கும் தகரத்துக்கும் இடையிலுள்ள சந்தில் சாக்கை வைத்து அடைத்துவிடச் சொல்கிறார் அம்மா. அப்படி அடைப்பது சரியா?


ஹட்டன் கூரைவேலை எழுதியது:

தம்பி, நீண்ட காலம் வளைகுடா நாடுகளில் குளிரூட்டல், வெப்பக்காப்பு வேலைகளைச் செய்துவிட்டு ஊர் திரும்பியவன் என்பதால், இரண்டு பக்கத்தையும் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன். உங்கள் மைத்துனர் செய்தது அவருடைய ஊருக்கு முற்றிலும் சரி. அங்கே கோடைப் பகலில் கூரைக்கும் சீலிங்குக்கும் இடைப்பட்ட வெளி 60 பாகை செல்சியஸைத் தாண்டிக் கொதிக்கும். கீழே ஏசி அறையை 25 பாகையில் வைத்திருக்கும். ஒரு சீலிங் பலகையின் இரு புறத்துக்கும் இடையில் 35 அல்லது 40 பாகை வேறுபாடு. போதாததற்கு, பல வீடுகளில் ஏசியின் குளிர்காற்றைக் கொண்டுசெல்லும் குழாய்களும் அந்தக் கொதிக்கும் வெளியிலேயே ஓடுகின்றன. அதனால்தான் அமெரிக்காவில் பின்பற்றப்படும் எரிசக்திக் கட்டட விதித்தொகுப்பின் 2018ஆம் ஆண்டுப் பதிப்பு, பீனிக்ஸ் இருக்கும் காலநிலை வலயத்தின் சீலிங்குக்கு ஆர்-38 என்ற காப்புத்திறன் அளவைக் கேட்டது (எண் கூடக்கூட வெப்பம் கடப்பது குறையும்). 2021ஆம் ஆண்டுப் பதிப்பு அதை ஆர்-49 ஆக உயர்த்தியது. ஆர்-38 என்றால், ஊதி நிரப்பும் கண்ணாடிநாரில் ஓரடிக்கு மேல். அலுமினியத் தாள் வெயிலின் கதிர்வீச்சைத் தடுப்பதற்கு. வெப்பமும் வெயிலும் மிகுந்த இடங்களில் அது குளிரூட்டும் செலவை 5 முதல் 10 சதவீதம் வரை குறைக்கக்கூடும் என்று அந்நாட்டு எரிசக்தித் திணைக்களம் கூறுகிறது. காற்று வறண்டிருப்பதால் அங்கே கூரையடியில் நீர் கோத்துக்கொள்வது அரிது.

நமக்கு நிலைமை வேறு. 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை. தையிலும் மாசியிலும் சில இரவுகளில் புல்லின் மேல் உறைபனி படிகிறது என்றாலும், வீட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் 10 பாகைக்குள்தான் இருக்கும். ஏனென்றால் நம் வீடுகளில் ஹீட்டர் கிடையாது. காப்பு எதுவும் தானாக வெப்பத்தை உண்டாக்காது. அடுப்பிலிருந்தும் படுத்திருப்பவர்களின் உடலிலிருந்தும் வரும் சிறிதளவு வெப்பத்தைப் பிடித்துவைப்பதும், தலைக்கு மேலுள்ள பரப்பு சில்லிட்டுப்போகாமல் காப்பதும்தான் அதன் வேலை. வெறும் தகரத்தின் கீழ் படுத்திருப்பவருக்குக் காற்றின் குளிரைவிடத் தகரத்தின் குளிர்தான் அதிகம் உறைக்கும். உடல் தன் வெப்பத்தை அந்தப் பரப்பை நோக்கி இடைவிடாமல் வீசிக்கொண்டே இருப்பதுதான் காரணம்.

சொட்டு விழுவதற்கும் காரணம் அதே தகரம். அறைக்காற்று 16 பாகையும் அதன் ஈரப்பதன் 85 சதவீதமும் இருந்தால், ஏறத்தாழ 13.5 பாகைக்குக் கீழுள்ள எந்தப் பரப்பைத் தொட்டாலும் அந்தக் காற்றிலுள்ள நீராவி நீராகிவிடும். வானம் தெளிந்த இரவில் தகரம் தன் வெப்பத்தை வானத்தை நோக்கி இழந்து, வெளிக்காற்றைவிடவும் சில பாகை கூடுதலாகக் குளிர்ந்துவிடுகிறது. மேகம் மூடிய இரவில் உங்கள் வீட்டில் சொட்டு குறைவாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். தூங்கும் இருவருடைய மூச்சிலிருந்தும் தோலிலிருந்தும் மட்டுமே ஓர் இரவில் அரை லீற்றருக்கும் மேலான நீர் அறைக்காற்றில் சேர்கிறது. அடுப்பில் கொதிக்கும் தண்ணீரும், மழைக்காலத்தில் கயிறு கட்டி உள்ளே காயப்போடும் துணிகளும் அதோடு கூடுகின்றன.

ஆகவே நீங்கள் முதலில் செய்ய வேண்டியது, படுக்கையறைகளுக்குச் சுவர்மட்டத்தில் இடைவெளி இல்லாத ஒரு சீலிங் அடிப்பது. அறையின் ஈரக்காற்று தகரத்தைப் போய்த் தொடக்கூடாது. மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான். பலகைகளின் இணைப்பு, சுவரோரம், மின்விளக்கு வரும் துளை ஆகிய மூன்றையும் அடைக்காமல் மேலே எவ்வளவு பஞ்சைக் குவித்தாலும், ஈரம் அந்தச் சந்துகளின் வழியே ஏறிப் பஞ்சையே நனைத்துவிடும். நனைந்த பஞ்சு காப்புப் பொருளே அல்ல.

தடிப்பைப் பொறுத்தவரை, மைத்துனரின் அளவில் செலவழிக்க வேண்டியதில்லை. ஒரு சதுர மீட்டர் வெறும் தகரம், உள்ளும் புறமும் ஒரு பாகை வேறுபட்டால், ஏறத்தாழ 6 முதல் 7 வாட் வெப்பத்தை வெளியே விடும். சீலிங்குக்கு மேல் 50 மில்லிமீட்டர் கிளாஸ் வூல் விரித்தால் அது 0.7 வாட் அளவுக்கு இறங்கிவிடும். 100 மில்லிமீட்டராக்கினால் 0.4 வாட்டுக்குச் சற்றுக் கீழே வரும். முதல் இரண்டு அங்குலமே இழப்பில் பத்தில் ஒன்பது பங்கைத் தடுத்துவிடுகிறது என்பதால், ஹீட்டர் இல்லாத மலைநாட்டு வீட்டுக்கு 50 முதல் 75 மில்லிமீட்டர் போதும்; மீதிப் பணத்தை நல்ல பலகைக்கும் சமையலறைப் புகைபோக்கிக்கும் செலவிடுங்கள்.


பண்டாரவளைத் தச்சர் எழுதியது:

மேலே ஐயா எழுதியிருக்கும் கணக்கில் எனக்கு மறுப்பு இல்லை; பொருளைத் தேர்ந்தெடுப்பதில்தான் வேறுபடுகிறேன். பழைய வீடுகளின் சீலிங்குக்கு மேல் ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எலிக்கும் மரநாய்க்கும் சொந்தமான இடம். கிளாஸ் வூலை விரித்துவிட்டு வந்தால், அடுத்த மழைக்காலத்துக்குள் அதைக் கிழித்துக் கூடு கட்டிவிடும். மரநாயின் சிறுநீர் ஊறிய பஞ்சின் நாற்றம் சுவாச நோயாளி படுக்கும் அறைக்குள் இறங்குவது எந்த வகையிலும் நல்லதல்ல. அதனால் படுக்கையறைகளுக்கு நான் ரெஜிபோம் பலகையைத்தான் பரிந்துரைப்பேன். 50 மில்லிமீட்டர் தடிப்பில் எடுத்து, சீலிங்கைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களுக்கு இடையில் இறுகப் பொருந்தும்படி அறுத்து வைத்து, ஓரங்களைப் பசைநாடாவால் மூடிவிடலாம். ஈரம் பட்டாலும் அதன் காப்புத்திறன் பஞ்சைப்போல் விழுந்துவிடாது. எலி அதையும் கடிக்கும் என்பது உண்மைதான். ஆகவே எந்தப் பொருளைப் போட்டாலும், முதலில் எலியும் மரநாயும் நுழையும் வழியை அடைத்தாக வேண்டும்.

தம்பியின் தாயார் சொன்ன சாக்கு விடயத்துக்கு வருகிறேன். சீலிங் இல்லாத அறையில் அந்தச் சந்தின் வழியாகக் காற்று நேரே படுக்கைக்கு வருவதால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சீலிங் அடித்த பிறகு அந்தச் சந்து சீலிங்குக்கு மேலே போய்விடும். அப்போது அது திறந்திருக்க வேண்டும். கீழிருந்து தப்பித்தவறி மேலே ஏறும் ஈரத்தை வெளியே கொண்டுபோகும் வழி அது ஒன்றுதான். சாக்கை எடுத்துவிட்டு, கால் அங்குலக் கண்ணுள்ள கம்பிவலையைச் சட்டத்தோடு சேர்த்து அடியுங்கள். காற்று போகும், எலி வராது. எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டிலும் வலை இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் திறந்திருந்தால் காற்று ஓடாது.

சீலிங்குக்குப் பைன் பலகையை நாக்கும் காடியுமாக இழைத்து அடிப்பதே நம் ஊருக்கு ஏற்றது. அழகுக்காகச் சாதாரண ஜிப்சம் பலகை போடுபவர்களைப் பார்க்கிறேன். ஓர் இடத்தில் சொட்டு விழுந்தாலே அது இளகித் தொங்கிவிடும். பலகைக்கு மேல், ரெஜிபோமுக்குக் கீழே, தடித்த பொலித்தீன் தாள் ஒன்றை இணைப்புகளில் மடித்து ஒட்டி விரித்தால், ஈரம் மேலேறுவது பெருமளவு நின்றுவிடும். அந்தத் தாள் காப்புக்கு மேலே போய்விடக்கூடாது. குளிர்ந்த பக்கத்தில் அது இருந்தால், தகரத்தில் கோத்த நீர் இனித் தாளின் அடியில் கோத்துப் பலகையை அழுகவைக்கும்.

ஃபாயிலை முழுவதும் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். தகரத்தைக் கழற்றி மாற்றும் வேலை எப்போதாவது வந்தால், கூரையின் சரிவுச் சட்டமான கைமரத்தின் மேல் ஃபாயிலைச் சற்றுத் தொய்வாக விரித்து, அதன் கீழ்முனையைத் தண்ணீர் பீலிக்குள் இறங்கும்படி விட்டு, அதற்கு மேல் தகரத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டமான ரீப்பை அடித்துத் தகரம் போடுங்கள். தகரத்தில் கோக்கும் நீர் ஃபாயிலின் மேல் வழிந்து வெளியே போய்விடும். பகலில் தகரத்தின் சூடும் கீழே இறங்காது. தகரத்தோடு ஒட்டி அடித்தால் பயன் பாதியாகிவிடும். பளபளப்பான பக்கத்துக்கு முன்னால் காற்றுவெளி இருந்தால்தான் அது கதிர்வீச்சைத் தடுக்கும்.

இந்த வேலைகள் அனைத்துக்கும் முன்பு, ஒரு மழைநாளில் மேலே ஏறி உண்மையான ஒழுக்கு எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். துருப்பிடித்த ஆணித் துளைகளும் முகட்டுத் தகரத்தின் இணைப்பும்தான் வழக்கமான இடங்கள். ஒழுகும் கூரைக்குக் கீழே காப்புப் போடுவது பணத்தை நனைப்பதாகும்.


அக்கரப்பத்தனை வாசி எழுதியது:

இரண்டு ஐயாமாருக்கும் மிகுந்த நன்றி. முதலில் சீலிங், பிறகு 50 மில்லிமீட்டர் காப்பு, மேலே வலை என்பது தெளிவாகிவிட்டது. இன்னும் இரண்டு விடயங்கள் கேட்க வேண்டும். சமையலறையின் அஸ்பெஸ்டஸ் தகட்டை இந்த வேலையோடு சேர்த்துக் கழற்றிவிடலாமா, அல்லது விட்டுவைக்கலாமா? அடுத்தது, என் அத்தை குடும்பம் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் இருக்கிறது. அவர்கள் காம்பராவிலும் (அந்த வரிசையில் ஒரு குடும்பத்துக்குரிய அறை) இதே சொட்டுத் தொல்லை உண்டு. அங்கே இவ்வளவு செலவு செய்ய முடியாது. எதையாவது செய்ய வழி இருக்கிறதா?


டிக்கோயா ஆசிரியை எழுதியது:

தம்பி, அஸ்பெஸ்டஸ் தகடு வெடிப்பில்லாமல் முழுதாக இருந்தால் அதைத் தொடாமல் விட்டுவைப்பதே பாதுகாப்பானது. நார்கள் சிமெந்தோடு இறுகி இருக்கும்வரை ஆபத்து குறைவு. உடைக்கும்போதும், துளையிடும்போதும், பாசி போவதற்காகக் கம்பித் தூரிகையால் உரசும்போதும்தான் அவை காற்றில் கலந்து நுரையீரலுக்குள் போகின்றன. சமையலறைக்குச் சீலிங் அடிப்பதானால், சட்டங்களைச் சுவரிலிருந்து தாங்குங்கள்; தகட்டில் ஓர் ஆணியும் ஏறக்கூடாது. வெடித்த தகட்டை மாற்றியே ஆக வேண்டும் என்றால், தண்ணீர் தெளித்து நன்றாக நனைத்து, உடைக்காமல் முழுதாக இறக்கி, பொலித்தீனில் சுற்றி வையுங்கள். அந்த நேரத்தில் தாயாரும் பிள்ளைகளும் வீட்டில் இருக்க வேண்டாம். நம் நாட்டில் 2018 தொடக்கத்தில் நடைமுறைக்கு வரவிருந்த அஸ்பெஸ்டஸ் இறக்குமதித் தடை, 2017 டிசம்பரில் அஸ்பெஸ்டஸ் ஏற்றுமதி செய்யும் ரஷ்யா நம் தேயிலையை நிறுத்திவைத்ததைத் தொடர்ந்து ஒத்திவைக்கப்பட்டது. தேயிலைக் கொழுந்து பறிப்பவர்களின் வீட்டுக் கூரையிலேயே அந்தத் தகடு இன்னும் கிடப்பது எனக்கு மிகுந்த வேதனையைத் தருகிறது.

உங்கள் மைத்துனருக்கும் ஒரு செய்தி சொல்லுங்கள். அமெரிக்காவின் பழைய வீடுகள் பலவற்றில் சீலிங்குக்கு மேல் வெர்மிகுலைட் என்னும் கூழாங்கல் போன்ற பொருளைக் கொட்டியிருக்கிறார்கள். அதில் பெரும்பகுதி மொன்டானா மாநிலத்தின் லிப்பி என்ற ஊரின் சுரங்கத்திலிருந்து வந்தது. அங்கே வெர்மிகுலைட்டோடு அஸ்பெஸ்டஸும் கலந்திருந்தது. அந்தச் சுரங்கம் 1990இல் மூடப்பட்டுவிட்டாலும், கொட்டியது வீடுகளில் அப்படியே இருக்கிறது. அவர் புதிதாக நிரப்பிய நாருக்கு அடியில் அது இருந்தால், இனிக் கிளறாமல் இருப்பது நல்லது.

லயத்தைப் பற்றிக் கேட்டீர்கள். பல பழைய லயங்களில் காம்பராவுக்கும் காம்பராவுக்கும் இடையிலுள்ள சுவர் கூரைவரை எழும்புவதில்லை. ஒரு வீட்டின் புகையும் ஈரமும் கூரையடி வழியாக அடுத்தடுத்த வீடுகளுக்குப் போகின்றன. தீப்பிடித்தாலும் அந்த வழியாகத்தான் முழு லயத்துக்கும் பரவுகிறது. ஆகவே அங்கே எரியக்கூடிய எதையும் கூரையடியில் வைக்கவேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். விலை மலிவு என்பதற்காக ரெஜிபோம் துண்டுகளைத் தகரத்தின் அடியில் ஒட்டுபவர்கள் இருக்கிறார்கள். அது கொதிநீரின் வெப்பத்துக்கு அருகிலேயே இளகிவிடும், தீப்பற்றினால் கரும்புகையைக் கக்கும். அத்தை வீட்டில் முடிந்தால், படுக்கும் பகுதிக்கு மட்டுமாவது சிமெந்து நார்ப்பலகையில் ஒரு சிறு சீலிங் அடியுங்கள். வாங்கும்போது அஸ்பெஸ்டஸ் கலக்காததா என்று கேட்டு வாங்குங்கள். தோட்ட நிர்வாகத்திடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதும் அவசியம். அதற்கும் வசதி இல்லையென்றால், பொலித்தீன் தாளைச் சுவரை நோக்கிச் சரிவாகக் கட்டலாம். குளிர் குறையாது, ஆனால் சொட்டு படுக்கையில் விழாமல் சுவரோரம் இறங்கும். மட்டமாகக் கட்டினால் நடுவில் நீர் தேங்கும்.

குளிர் தாங்காமல் கரி அடுப்பைப் படுக்கையறைக்குள் எடுத்துவந்து கதவை அடைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. சீலிங் அடித்துச் சந்துகளை மூடிய வீட்டில் அது உயிரைப் பறித்துவிடும். கரி எரியும்போது வெளிவரும் கார்பன் மொனொக்சைட் வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குபவர் விழிக்கவே மாட்டார். விறகடுப்புக்குப் புகைபோக்கி வையுங்கள், சமையலறையின் வெளிச் சன்னலில் ஒரு பகுதியை எப்போதும் திறந்து வையுங்கள், சமையலறைக்கும் படுக்கையறைக்கும் இடையிலுள்ள கதவை இரவில் மூடிவையுங்கள். தாயாரின் மூச்சுக்குச் சீலிங் அளவுக்கே இதுவும் உதவும்.


ஹட்டன் கூரைவேலை எழுதியது:

டீச்சர் சொன்ன தீ விடயத்தைத் தொடர்ந்து, மின்கம்பிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்காரர் காலத்து வீட்டில் மரப்பட்டிக்குள் ஓடும் பழைய ரப்பர் உறைக் கம்பி இன்னும் இருந்தால், காப்புப் போடுவதற்கு முன்பே அதை முழுவதும் மாற்றிவிட வேண்டும். காப்புக்கு அடியில் புதைந்த கம்பி தன் சூட்டை வெளியேற்ற முடியாததால், வழக்கமாகத் தாங்கும் மின்னோட்டத்தைக்கூட அதனால் தாங்க முடியாது. அமெரிக்காவின் பழைய வீடுகளிலும் இதே காரணத்துக்காகத்தான், பீங்கான் குமிழ்களில் ஓடும் பழைய கம்பியை நாரால் மூடாதீர்கள் என்கிறார்கள். தச்சர் ஐயா சொன்னபடி ரெஜிபோம் போடுவதானால், பிவிசி கம்பி அதை நேரடியாகத் தொடக்கூடாது. உறையை வளைந்துகொடுக்க வைக்கும் பொருள் ரெஜிபோமுக்குள் இறங்கி, நாளடைவில் உறை வெடிப்புவிடும். கம்பிகளை பிவிசி குழாய்க்குள் விட்டு, காப்புக்கு மேலே சட்டத்தில் பொருத்துங்கள். சீலிங்கில் பதிக்கும் விளக்குகள் இருந்தால் அவற்றைச் சுற்றி 75 மில்லிமீட்டர் இடம் விடுங்கள். தொங்கும் விளக்கு அதைவிட நல்லது, சீலிங்கில் பெரிய துளையும் விழாது. மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் இல்லாத வீடாக இருந்தால் இந்த வேலையோடு சேர்த்தே பொருத்திவிடுங்கள்.

பொருளைத் தேர்ந்தெடுப்பதில் தச்சர் ஐயாவின் வாதத்தைப் படுக்கையறைகளுக்கு ஏற்கிறேன். அடிப்பக்கத்தைப் பலகை மூடியிருக்க, வலையும் அடித்திருந்தால் ரெஜிபோம் அங்கே சரிவரும். சமையலறைக்கும் அதை ஒட்டிய அறைச்சுவரின் ஓரத்துக்கும் கட்டாயம் எரியாத ரொக் வூல் (பாறையை உருக்கி இழைத்த பஞ்சு) அல்லது கிளாஸ் வூல் போடுங்கள். அதை விரிக்கும்போது முகக்கவசமும் முழுக்கைச் சட்டையும் வேண்டும், தாயாரை அன்று வேறு வீட்டில் தங்கவையுங்கள்.

காலத்தையும் பார்த்துச் செய்யுங்கள். உங்கள் பக்கம் வைகாசியிலிருந்து புரட்டாதி வரை தென்மேற்குப் பருவமழை. ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேர மழை விடாது. பலகை ஈரத்தோடு இருக்கும்போது அடித்தால், காய்ந்த பிறகு இணைப்புகள் விரிந்து மறுபடி சந்து விழும். ஒழுக்கையும் மின்கம்பியையும் இப்போதே முடித்துவிட்டு, பலகையை வாங்கி வீட்டுக்குள் அடுப்பறைப் பக்கம் அடுக்கிக் காயவைத்து, தை பிறந்ததும் சீலிங்கை அடியுங்கள். மலைநாட்டின் கிழக்கே ஊவாப் பக்கத்து உறவினர்கள் யாராவது இதைச் செய்வதானால் அவர்களுக்கு ஆனியிலிருந்து ஆவணி வரைதான் உலர்ந்த காலம்.